ஐயாற்றில் கிடைத்த கயிலை

ஆடி அமாவாசையன்று திருவையாறு ஐயாறப்பர் ஆலயத்தில் அப்பர் பெருமானுக்குக் கயிலாயக் காட்சி அருளும் விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. காலையில் காவிரிப் படித்துறையில் நீராடி, முன்னோர்க்குரிய கடன்களைச் செய்து முடித்த அன்பர்கள் பலர், இக்காட்சியையும் தரிசித்த பின்னரே ஊர் திரும்புவர். மலையைத் தேடி வடக்கே நடந்த ஒரு முதியவருக்கு, மலையே இல்லாத சோழநாட்டு வயல்வெளியில் அம்மலை கிடைத்த வரலாறு இது.

திருக்காளத்தியை வணங்கிய திருநாவுக்கரசு சுவாமிகளுக்குக் கயிலையைக் காணும் வேட்கை எழுந்தது. திருப்பருப்பதம் எனும் ஸ்ரீசைலத்தைத் தொழுது, கன்னட நாட்டையும் மாளவத்தையும் கடந்து காசியை அடைந்தார் என்று பெரியபுராணம் வழி சொல்கிறது. உடன் வந்த அடியார்களைக் காசியிலேயே விட்டுத் தனியே புறப்பட்டார். காய் கிழங்குகளையும் உண்ணாது இரவும் பகலும் நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். அதுவும் முடியாதபோது புரண்டு சென்றார்.

அப்பொழுது முனிவர் வடிவில் எதிர்வந்த இறைவன், மானிடர்க்கு அரிய மலை அது, திரும்பிச் செல்வதே தக்கது என்றான். அழியப்போகும் இவ்வுடலைச் சுமந்துகொண்டு கயிலையைக் காணாமல் மீளேன் என்றார் அப்பர். அருகிருந்த பொய்கையில் மூழ்குமாறு இறைவன் பணித்தான். மூழ்கியவர் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார்.

அவர் செல்ல விரும்பிய மலை எத்தகையது? இமயத்துக்கு அப்பால், திபெத்தில், இமயத்துக்கு இணையாக ஓடும் கயிலாய மலைத்தொடரில் 6,638 மீட்டர் உயரத்தில் அச்சிகரம் நிற்கிறது. அதன்மீது எவரும் ஏறியதில்லை. சுற்றி வலம் வருவதே வழக்கம். வலம்வரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். டோல்மா கணவாயில் அது 5,600 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. சைவர்க்கு அது சிவபெருமானின் இருப்பிடம். சமணர்க்கு ஆதிநாதரான ரிஷபதேவர் முத்தியடைந்த தலம். பௌத்தரும், திபெத்தின் தொன்மையான போன் சமயத்தாரும் அதைப் போற்றுகின்றனர். போன் சமயத்தார் இடமாகச் சுற்றுவர். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்ணாலி ஆகிய நான்கு ஆறுகளும் அம்மலையைச் சூழ்ந்த நிலப்பகுதியில் பிறக்கின்றன. அந்த மேட்டுநிலத்து ஏரிகளில் கூடு கட்டும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டிப் பறந்து, நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வருகின்றன.

2020 முதல் நின்றிருந்த இந்திய அரசின் மானசரோவர் யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியது. அதில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 70 வயதைக் கடந்திருக்கலாகாது. மருத்துவச் சோதனையிலும் தேற வேண்டும். காற்று மெலிந்த அவ்வுயரத்தில் மூச்சுக்கும் இதயத்துக்கும் நேரும் இடரை எண்ணி வகுத்த விதி அது. ஆயினும் வாழ்நாள் முழுதும் கயிலையை எண்ணியிருந்து, குடும்பக் கடமைகள் முடிந்தபின் புறப்பட நினைக்கும் முதியவர்க்கு அந்த எண் கதவை அடைத்துவிடுகிறது. 81 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று மரபு கூறும் அப்பர் பெருமான் தம் முதுமையில் இன்று விண்ணப்பித்திருந்தால், அவர்க்கும் அதே விடைதான் கிடைத்திருக்கும்.

குளத்தினின்று எழுந்த அப்பர் கண்டதை நான்காம் திருமுறையில், பதினொரு பாடல்கள் கொண்ட பதிகமாகப் பாடியருளினார். பூவும் நீரும் சுமந்து வழிபடச் செல்வோர்க்குப் பின்னே தாமும் ஒருவராய்ப் புகுந்தபோது, பிடியோடு களிறு வரக் கண்டார். பெடையோடு கோழி, குயில், மயில், அன்றில். துணையோடு பன்றி, கலைமான். பின்னர் நாரை, கிளி. நிறைவில் இளம் பசுவோடு காளை. அவை யாவும் அவருக்குச் சத்தியும் சிவமுமாகத் தோன்றின.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். பனிமலைக்கு மட்டுமே உரிய விலங்கோ பறவையோ அதில் ஒன்றுகூட இல்லை. வயலில் நிற்கும் நாரையும், தோப்பில் கூவும் குயிலும், வீட்டு முற்றத்துக் கோழியும், தெருவில் வரும் காளையுமே கயிலைக் காட்சியாயின. கயிலை இடம் மாறவில்லை. பார்க்கும் கண் மாறியது.

ஐயாற்றுத் திருக்கோயிலினுள்ளேயே வடகயிலாயம், தென்கயிலாயம் என இரு ஆலயங்கள் உள்ளன. வடகயிலாயத்தைக் கல்லால் எழுப்பியவர் முதலாம் இராசராசனின் தேவியாகிய உலகமாதேவியார் என்பதை அங்குள்ள கல்வெட்டுகள் உரைக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வடதிசைக்கு நடக்க இயலாதவர்க்காகக் கயிலை இவ்வூரில் கல்லிலும் நிலைபெற்றுவிட்டது.

ஆடி அமாவாசைக்கு ஐயாறு செல்வோர் ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் தரிசித்தபின், இவ்விரு கயிலாயங்களையும் மெல்ல நடந்து வணங்கலாம். கால் தளர்ந்தால் பிராகாரத்தில் எங்கேனும் அமரலாம். கோபுரத்தில் கிளிகள் இணையாக வந்தமரும் பொழுது தலை நிமிர்ந்து நோக்கினால் போதும். அப்பர் கண்டவற்றில் ஒன்று அது.