காசு போயாச்சு, ரெக்கார்டு எங்கே? வினைல் சந்தாதாரர்கள் கொதிப்பது ஏன்?

மாசம் பிறந்தால் கார்டில் இருந்து பணம் போய்விடுகிறது. வர வேண்டிய இசைத்தட்டு மட்டும் வருவதில்லை. எப்போது வரும் என்று கேட்டால் சரியான பதிலும் இல்லை. அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த 'வினைல் மீ, ப்ளீஸ்' என்ற ரெக்கார்டு சந்தா நிறுவனத்தின் மீது 2025-ல் குவிந்த புகார்களின் சாரம் இதுதான்.

'ஒரு ரெக்கார்டு லேட்டா வந்தா என்ன ஆகிடப்போகுது?' என்று தோன்றலாம். ஆனால் ஆட்டோ-டெபிட்டில் எதையாவது வாங்கும் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

இது என்ன சேவை?

2013 வாக்கில் தொடங்கிய நிறுவனம் இது. ஐடியா ரொம்ப எளிது. மாதத்துக்கு ஓர் ஆல்பத்தை நிறுவனமே தேர்ந்தெடுக்கும். அதைத் தனிப் பதிப்பாக, கலர் வினைலில் அச்சிட்டு, ஆல்பத்தின் கதையைச் சொல்லும் சிறு புத்தகத்தோடு வீட்டுக்கு அனுப்பும். பிறகு ஹிப்-ஹாப், கன்ட்ரி என்று தனித்தனிப் பிரிவுகளும் வந்தன.

போனிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது இதற்கு யார் காசு கொடுப்பார்கள்? நிறைய பேர் கொடுத்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் சுமார் 4.1 கோடி வினைல் ரெக்கார்டுகள் விற்றன, சிடி 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் சிடியை வினைல் முந்தியது அதுவே முதல்முறை.

ஆக, சந்தை படுத்துவிட்டதால் வந்த சிக்கல் இல்லை இது.

எங்கே சறுக்கியது?

2024-ல் நிறுவனம் தன் தலைமைச் செயல் அதிகாரி உட்பட மூன்று உயரதிகாரிகளை நீக்கி, அவர்கள் மீது வழக்கும் போட்டது. ரெக்கார்டு அச்சிடும் ஆலை ஒன்றைத் தங்களுக்காக உருவாக்க, நிறுவனத்தின் பணத்தையும் ஆட்களையும் பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் அதை மறுத்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத சந்தாதாரர்தான், அதற்குப் பிறகு பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாமதம் சகஜம்தானே?

ஓரளவுக்கு ஆமாம். ரெக்கார்டு அச்சிடுவது மெதுவான வேலை. முதலில் அரக்கு பூசிய தட்டில் பாட்டை வெட்டி எடுக்க வேண்டும். அதிலிருந்து உலோக அச்சு. அப்புறம்தான் பிவிசி பிளாஸ்டிக்கை அழுத்தித் தட்டு செய்ய முடியும். அந்த அரக்குத் தட்டைத் தயாரிக்க உலகத்திலேயே இரண்டு ஆலைகள்தான் இருந்தன. அதில் கலிஃபோர்னியாவில் இருந்தது 2020 பிப்ரவரியில் தீயில் எரிந்துபோனது. பெருந்தொற்றுக் காலத்தில் டிமாண்டும் எகிற, பல மாதக் காத்திருப்பு சாதாரணமாகிவிட்டது.

வினைல் வாங்குபவர்களுக்கு இதெல்லாம் தெரியும். 'அச்சு சரியாக வரவில்லை, இன்னும் ரெண்டு மாசம் ஆகும்' என்றால் பொறுத்துக்கொள்வார்கள். கோபம் வருவது, தாமதத்தோடு மௌனமும் சேரும்போது.

முன்பணம் என்பது கடன்

பலரும் கவனிக்காத விஷயம் இது. ஒரு கணக்குக்கு, 10,000 பேர் தலா 40 டாலர் முன்கூட்டியே கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கம்பெனி கையில் 4 லட்சம் டாலர் வந்துவிடும். பொருளை இன்னும் கொடுக்கவில்லை. அப்படியென்றால் அது வருமானமா? இல்லை, வட்டியில்லாக் கடன்.

ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கும்வரை இந்த மாசத்துப் பணத்தில் போன மாசத்து அச்சுக்கூலியைக் கட்டி ஓட்டலாம். சேர்பவர்கள் குறைந்தால் பள்ளம் தெரிய ஆரம்பிக்கும். நிறுவனம் திவாலானால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கச் சட்டப்படி, சொத்தை அடமானமாக வாங்கிய கடன்காரர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். முன்பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு ஒரு வரம்புவரைதான் முன்னுரிமை. அதுவும் பலருக்குப் பின்னால்தான்.

பழைய கதை, புது ரூபம்

ரெக்கார்டு கிளப் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. கொலம்பியா நிறுவனம் 1955-லேயே தபால் வழி கிளப் தொடங்கியது. 'வேண்டாம்' என்று எழுதிப் போடாவிட்டால் ரெக்கார்டும் வரும், பில்லும் வரும். இந்த முறைக்குக் கடிவாளம் போட 1973-ல் தனி விதியே வந்தது. 1996-ல் 140 கோடி டாலர் வருமானம் பார்த்த கொலம்பியா ஹவுஸ், 2014-ல் 1.7 கோடிக்கு இறங்கி, 2015-ல் திவால் மனு கொடுத்தது.

பழைய கிளப் ஓடியது வாடிக்கையாளரின் மறதியில். புதிய கிளப் ஓடியது அவர்களுடைய பிரியத்தில். பிரியம் இருந்ததால்தான் பல மாதங்கள் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமையே அவர்களுக்கு எதிராகவும் வேலை செய்யும்.

எப்படி?

அமெரிக்க விதிப்படி, சொன்ன தேதிக்குள் பொருளை அனுப்ப வேண்டும். தேதி சொல்லாவிட்டால் 30 நாள். முடியாவிட்டால் வாடிக்கையாளரின் சம்மதம் வாங்க வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியவர், அந்தக் கட்டணம் இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்கிறது சட்டம். 'பாவம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று நினைப்பவருக்கு இந்தக் கெடுவே முடிந்துபோகலாம். முதல் வாரமே சண்டைக்குப் போனவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். விசுவாசமாக இருந்தவர் ஏமாறுவார். இது சரியில்லை.

இந்தியாவிலும் சந்தாவில் சிக்கவைத்து வெளியே விடாத உத்தியை, 2023-ல் தடைசெய்யப்பட்ட 13 'டார்க் பேட்டர்ன்'களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆட்டோ-டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. புகாருக்கு 1915 இருக்கிறது. ஆனால் அந்த எஸ்எம்எஸ்ஸை நாம் படிக்க வேண்டுமே!

என்ன செய்யலாம்?

நிறுவனங்கள் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய ஆர்டர் போய்ச் சேரும்வரை அந்த வாடிக்கையாளரிடம் புதிதாகப் பணம் எடுக்கக் கூடாது. தாமதமானால் புதுத் தேதியையும், ரீஃபண்ட் பட்டனையும் ஒரே மெயிலில் அனுப்ப வேண்டும். தாமாகச் செய்யாவிட்டால் விதியாகவே கொண்டுவர வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கம், தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு வருஷத்துப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல், மாதாமாதம் கட்டுவது நல்லது. தேதி தாண்டிய அன்றே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

வினைல் கேட்பவர்கள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட அலுத்துக்கொள்ளாதவர்கள். அவர்களே பொறுமை இழந்துவிட்டார்கள் என்றால், தப்பு எந்தப் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம்.