தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாதிருப்போம்



மதரஸாவில் மேல்வகுப்பு ஓதும் மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்டாள்: "உஸ்தாத், டாரட் சீட்டு பார்ப்பது ஹராம் என்று தெரியும். ஆனால் அவர்கள் சொல்வது எனக்கு அப்படியே பொருந்துகிறதே, அது எப்படி?" கைப்பேசியில் ஒரு காணொளி. மூன்று சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பிறகு உங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்கிறார்கள். ஹராம் என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். அவள் கேட்டது சட்டத்தை அன்று, காரணத்தை. அந்தக் காரணம் எனக்கும் தெரியும். ஏனெனில் ஒருமுறை நானே அதைச் செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் கடவுச்சீட்டின் நகலும் ஏதோ ஒரு ரசீதும் தெரிந்தன. காதிலும் கழுத்திலும் நகை இல்லை. அவர் வாய் திறப்பதற்குள், "மகன் சபுரிலே கஷ்டப்படுகிறாரா உம்மா? நகையெல்லாம் அடகுக்குப் போய்விட்டதோ?" என்று கேட்டேன். அவர் உடைந்து அழுதார். "ஹஜ்ரத்துக்கு எல்லாம் தெரியுது" என்றார். 'உறையைப் பார்த்துத்தான் சொன்னேன்' என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு இனித்தது என்பதை இன்று வெட்கத்துடன் எழுதுகிறேன்.

முன்தகவல் ஏதுமின்றி எதிரில் இருப்பவரின் உடை, வயது, பேச்சு, முகமாற்றம் ஆகியவற்றைக் கொண்டே அவருடைய நிலையை ஊகித்துச் சொல்லும் உத்திக்கு ஆங்கிலத்தில் 'கோல்ட் ரீடிங்' என்று பெயர். முதலில் எவருக்கும் பொருந்தும் பொதுவான ஒன்றைச் சொல்வார்கள். கேட்பவரின் கண்ணில் அசைவு தெரிந்தால் அந்த வழியே செல்வார்கள், தெரியாவிட்டால் திரும்பிவிடுவார்கள். மீதியை வந்தவரே சொல்லிவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து, தாம் சொன்னதை அவர் மறந்திருப்பார்; குறிகாரர் 'கண்டுபிடித்தது' மட்டுமே நினைவில் இருக்கும்.

1948 ஆம் ஆண்டில் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியல் ஆசிரியர், தம் மாணவர்கள் 39 பேருக்குக் குணநலத் தேர்வு ஒன்றை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு முடிவுத்தாளைத் தந்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 5க்கு 4.26. பிறகுதான் உண்மையை வெளிப்படுத்தினார்: எல்லோருக்கும் தந்தது ஒரே தாள், அதன் வரிகள் கடையில் விற்கும் சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. டாரட் சீட்டுகளின் கதையும் இதிலிருந்து விலகியதன்று. 78 சீட்டுகள் கொண்ட அந்தக் கட்டு, 15 ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுக்காகப் பிறந்தது. குறி பார்க்கும் வழக்கம் பரவியது 18 ஆம் நூற்றாண்டில்தான். சீட்டில் மறைபொருள் இல்லை. பேசுபவரின் கண் நம் முகத்தில் இருக்கிறது. காணொளியிலோ முகம் பார்க்கும் தேவையும் இல்லை. ஆயிரக்கணக்கானோரிடம் ஒரே சொல்லைச் சொன்னால், பொருந்துகிறவர்கள் தங்கிக் கேட்பார்கள். பொருந்தாதவர்கள் கடந்து போய்விடுவார்கள்.

நம் கடற்கரையில் இந்த ஊகம் இன்னும் எளிது. பாம்பன், இராமேசுவரம், மண்டபம் பக்கத்துக் குடும்பம் ஒன்றிடம், "ஏப்ரல், மே மாதங்களில் கையில் பணம் தங்குவதில்லை" என்று சொன்னால் அது ஞானமன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அவ்வளவுதான். "நீருக்கு அப்பால் உள்ள ஒருவரை நினைத்து உறக்கமில்லை" என்றால், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டவரின் மனைவியும் அழுவார். வளைகுடாவில் சம்பளம் வராத மகனின் தாயும் அழுவார். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் என எந்த ஊரிலும் இந்த வாக்கியம் தவறாது. பால் கிதாபு திறப்பவருக்கும், கிளிக்குச் சீட்டு எடுக்கப் பழக்கியவருக்கும், டாரட் விரிப்பவருக்கும் மூலதனம் ஒன்றே: நம்முடைய துயரம். நாம் கொண்டுசென்ற துயரத்தையே நமக்கு விலைக்கு விற்கிறார்கள்.

நம் மார்க்கம் இதை எவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அம்பெறிந்து குறி கேட்பதைச் சூரத்துல் மாயிதாவின் 90 ஆம் வசனம் மதுவோடும் சூதோடும் சேர்த்து அசுத்தம் என்கிறது. அன்று அம்பு, இன்று சீட்டு. குறி சொல்பவரிடம் சென்று கேட்பவரின் நாற்பது இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு செய்தி, நான் மாணவிக்குச் சொன்ன மறுமொழியாக அமைந்தது. ஸித்தீக் அபூபக்ர் (ரலி) அவர்களின் பணியாள் ஒருநாள் உணவு கொண்டுவந்தார், அவர்களும் உண்டார்கள். பிறகு அந்தப் பணியாள், அறியாமைக் காலத்தில் ஒருவருக்குத் தாம் குறி சொன்னதாகவும், அந்தக் கலை தமக்குத் தெரியாதென்றும், அவரை ஏமாற்றியதாகவும், அந்தக் கூலிதான் இது என்றும் கூறினார். அபூபக்ர் (ரலி) அவர்கள் வாயில் கைவிட்டு வயிற்றில் இருந்த அனைத்தையும் வெளியேற்றினார்கள். ஸஹீஹ் புகாரியில் உள்ள செய்தி இது. மறைவானதை அறிவதாகப் பொய்யுரைத்தது ஒரு குற்றம். ஒரு மனிதரின் நம்பிக்கையை ஏமாற்றிக் கூலி பெற்றது இன்னொரு குற்றம். இரண்டும் அந்த ஒரு கவளத்தில் இருந்தன.

"மனத்துக்கு ஆறுதல்தானே தருகிறார்கள், அதில் என்ன தீங்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சிலர் ஏமாற்றும் எண்ணமின்றி, தம் சீட்டை உண்மையாகவே நம்புகிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். ரே ஹைமன் என்னும் உளவியலாளர் இளமையில் கைரேகை பார்த்துப் பொருள் ஈட்டியவர். அதை நம்பியும் இருந்தார். நண்பர் ஒருவரின் யோசனைப்படி, ரேகை காட்டுவதாகச் சொல்லப்பட்டதற்கு நேர்மாறானதைச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் முன்போலவே வியந்தார்கள். ஆகவே, வந்தவரின் தலையசைப்பு சொல்பவரையும் ஏமாற்றுகிறது. நல்ல எண்ணம் இதற்குக் காவலாகாது.

தீங்கு எங்கே தொடங்கும் என்பதை நான் ஒரே வாரத்தில் கண்டேன். அந்தத் தாயின் தெருவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வீட்டில் வளையல் காணாமல் போயிருந்தது. எடுத்தவர் யார் என்று நான் 'பார்த்துச் சொல்ல' வேண்டுமாம். பேசும்போதே அவருடைய கண் யார் பக்கம் போகிறது என்று தெரிந்துவிட்டது: புதிதாக வந்த மருமகள். 'வீட்டுக்குள்ளேயே தேடுங்கள்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்; அந்தப் பெண்ணின் வாழ்வு முடிந்திருக்கும். அன்று எனக்கு உடல் நடுங்கியது. "எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவதூறுக்கு நான் துணை நிற்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என்னை ஆற்றல் இழந்த ஆலிமாகவே பார்த்துச் சென்றார்.

இன்னொரு தீங்கும் நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். அந்தத் தீக்குக் குறிகாரர்களைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. ஆனால் நோயை 'செய்வினை' என்றும் 'காற்று' என்றும் ஒருவர் உறுதியாகச் சொல்ல, அதை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தக் குழந்தைக்காகவே சூரியன் இருண்டதென மக்கள் பேசினார்கள். அவர்கள் மௌனமாக இருந்திருந்தாலே போதும், மக்களின் வியப்பு பெருகியிருக்கும். ஆயினும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று, துயரத்தின் நடுவிலும் எழுந்து தெளிவுபடுத்தினார்கள். நான் உறையைப் பார்த்துவிட்டு மௌனமாக இருந்த மாலையை இந்தச் சம்பவத்தின் அருகில் வைத்துப் பார்க்கும்போது தலை குனிகிறேன்.

எனவே டாரட் பார்ப்பவரைத் திட்டுவதற்கு முன், ஓதிப்பார்க்கும் நாமும் உஸ்தாதுமார்களும் நம்மைத் திருத்திக்கொள்வோம். ஆறுதல் சொல்வது ஸுன்னத். ஓதி துஆச் செய்வதும் ஆகுமானதே. ஆனால் ஊகித்ததை ஊகம் என்றே சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு அந்த மறுமொழியைத்தான் தந்தார்கள். மூன்றாம் மனிதர் மீது பழி விழும் எந்தச் சொல்லையும் சொல்லக்கூடாது. உறக்கமின்மை, அச்சம், தனக்குத்தானே பேசுதல் போன்றவற்றோடு வருபவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணையும் எழுதித் தரலாம். முடிவெடுக்கத் திணறும் இளையோருக்கு இஸ்திகாரா இருக்கிறது. அது நாளை நடப்பதைக் காட்டும் கண்ணாடியன்று. அறியாமையை ஒப்புக்கொண்டு, அறிந்தவனிடம் நன்மையைக் கேட்கும் துஆ.

பிறகு, என் மனைவியை அழைத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றேன். உறையைப் பார்த்துச் சொன்னதை விளக்கினேன். அவர் முகம் வாடியது. "அப்ப, எம் மகன் எப்ப வருவான்னு உங்களுக்கும் தெரியாதா ஹஜ்ரத்?" என்றார். "தெரியாது உம்மா. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். பிறகு அந்த உறையிலிருந்த தாள்களை எடுத்துப் பரப்பினோம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிந்தோம். அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் மனு எழுதினோம். மறைவானது அல்லாஹ்விடம் இருந்தது. எங்கள் கையில் இருந்தவை அந்தத் தாள்கள்தாம்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளைப் பொய்யிலிருந்தும், நம் உள்ளங்களைப் புகழாசையிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.