நானூறு பேர் ரத்தமும் ஒரு மாவட்டத்தின் பெயரும்

கணக்கு என்றாலே நம் தோழர்களில் பாதிப் பேருக்கு ஆகாது. புள்ளிவிவரம் அதிகாரத்தின் மொழி, மருத்துவம் உடல்களை ஆளும் சொல்லாடல் என்று ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் கூட்டத்தில் கைதட்டல் நிச்சயம். சரி தோழர், அப்புறம்? அந்த மொழியை அவனிடமே விட்டுவிட்டு வந்தால் நம்மைப் பற்றி அவன் எழுதுவதைப் படித்துப் பார்க்கக்கூட ஆள் இருக்காதே. அண்ணல் 1945இல் காங்கிரஸைத் தோலுரித்த புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் பக்கமாகத் தேர்தல் அட்டவணை. சும்மா போட்டாரா?

நாமக்கல்லையே எடுத்துக்கொள்வோம். லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர், கோழிப்பண்ணை ஊர், 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். இந்தப் பெயர்களோடு 'எய்ட்ஸ் மாவட்டம்' என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. வெளியூரில் பொண்ணு பார்க்கப் போனால் "நாமக்கல்லுங்களா?" என்று ஒரு இழுவை இழுப்பார்கள். பழி விழுந்தது லாரி ஓனர் தலையில் இல்லை. டிரைவர், கிளீனர், ரோட்டோரம் நிற்கும் பெண். இதில் நம்ம காலனி ஆட்கள் எத்தனை என்று நான் சொல்லணுமா?

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்க்கணும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 1998 முதல் நாடு முழுக்கச் சுற்றுச் சுற்றாகக் கண்காணிப்பு ஆய்வு நடத்தியது. அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிகளில் ஒரு மையத்துக்கு 400 பேர், மூன்று மாதத்துக்குள். மேகநோய்ச் சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சத்தை, பெயரை நீக்கிவிட்டு, எச்.ஐ.வி. சோதனைக்கு அனுப்புவார்கள். வயசு, படிப்பு, புருஷன் என்ன வேலை, எல்லாம் தாளில் இருக்கும். முடிவு டெல்லிக்குப் போகும். ரத்தம் கொடுத்தவளுக்குப் போகாது. போகவும் முடியாது, பெயர்தான் இல்லையே.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். சம்மதம் கேட்டுச் சோதித்தால், சந்தேகம் உள்ளவர்கள் நழுவிவிடுவார்கள், எண் பொய்யாகிவிடும். பெயர் இருந்தால் ஊருக்குள் கசிந்து அவளை வீட்டைவிட்டே துரத்திவிடுவார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1999இல் உகாண்டாவில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. நெவிரப்பின் மருந்தைப் பிரசவ வலியில் தாய்க்கு ஒரு தரம், பிறந்த குழந்தைக்கு ஒரு தரம் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்த்த குறுகிய கால மருந்தைவிடக் குழந்தைக்குத் தொற்றுவது பாதியளவு குறைகிறது என்று காட்டிய ஆய்வு. அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் இந்தப் பெயரில்லாச் சோதனை நடந்தது. கேட்டால், "தெரிஞ்சுக்கணும்னா ஆலோசனை மையத்துக்குப் போகட்டுமே" என்பார்கள். அந்த மையங்கள் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் வந்துவிட்டனவா? தன் ரத்தம் டெல்லியில் ஒரு எண்ணாகி நிற்பது தெரியாமலே குழந்தை பெற்றுக்கொண்டு போன பெண்களை எந்த ஆய்வில் சேர்ப்பது?

சரி, அந்த எண்ணாவது உறுதியானதா? கர்ப்பிணிகளிடம் ஒரு சதவீதத்துக்கு மேல் தொற்று தென்பட்ட மாவட்டம் 'ஏ' பிரிவு. நாமக்கல் அதில் இருந்தது. 400 பேரில் ஒரு சதவீதம் என்றால் நாலு பேர். நாலு பேரை வைத்து ஒரு சதவீதம் என்று சொல்லும்போது உண்மை கால் சதவீதமாகவும் இருக்கலாம், இரண்டரை சதவீதமாகவும் இருக்கலாம். கணிதம் படித்த மாணவத் தோழர்கள் போட்டுப் பாருங்கள். இந்த இடைவெளியைப் போடாமல் வெறும் எண்ணைத் தலைப்பில் போட்டால் அதற்குப் பெயர் செய்தி இல்லை, வசை.

பெரிய விஷயம் இனிமேல்தான். அரசு ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள்? பண்ணையும் ரிக் வண்டியும் வைத்திருப்பவர் வீட்டு மருமகள் தனியார் நர்சிங் ஹோமுக்குப் போகிறாள். அங்கே யாரும் அவள் மிச்ச ரத்தத்தைத் தொடவில்லை. ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துச் சோதித்த ஆய்வு 2006இல் வெளியானது. ஆஸ்பத்திரிக் கணக்கு நிஜத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் காட்டியதாக அது சொன்னது. ஏழைகள் அரசு ஆஸ்பத்திரிக்கே போகிறார்கள், தொற்று என்று சந்தேகப்பட்டவர்களைத் தனியார் அங்கேயே தள்ளிவிடுகிறார்கள் என்பதை அதற்குக் காரணங்களாகக் காட்டியது. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்விலும் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள். 2007இல் இந்தியாவின் கணக்கு 50 லட்சத்துக்கு மேலிருந்து சுமார் 25 லட்சமாக இறங்கியது. நோய் பொய் என்று யாரும் குதிக்க வேண்டாம், 25 லட்சமும் மனிதர்கள்தான். ஆனால் நம் ஏழ்மையையும் சேர்த்து நோயாக எண்ணியிருக்கிறார்கள். எண் திருத்தப்பட்டது, பெயர் திருத்தப்படவில்லை. நாமக்கல் காலனிக்கு வந்து "அந்தக் கணக்கு முறையில் கோளாறு இருந்தது" என்று தமிழில் ஒரு துண்டறிக்கை எந்த அதிகாரி கொடுத்தார்? நான் பார்க்கவில்லை.

ஏழைகளுக்காகக் கணக்கு வேலை செய்ததும் உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கு ஒரு சோதனை தொடங்கினார்கள். நூற்றறுபதுக்கும் மேற்பட்ட ஏழை நோயாளிகள். குலுக்கல் மாதிரி பிரித்துப் பாதிப் பேருக்கு சானடோரியம், பாதிப் பேருக்கு நெரிசலான வீட்டிலேயே மாத்திரை. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வும் குறைவு. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டாருக்குத் தொற்றுவதும் கூடவில்லை. 1959இல் அது வெளியானது. படுக்கை இல்லை என்று சாகவிட இனி சாக்கு இல்லை என்று உலகத்துக்குச் சொன்னது நம் சென்னை ஏழைகளின் நுரையீரல். இதையும் 'அதிகாரத்தின் மொழி' என்று தள்ளிவிடலாமா?

ஆகவே கணக்கு வேண்டாம் என்பது நம் கோஷமாக முடியாது. யாரிடமிருந்து எடுத்தாயோ அவரிடம் கொண்டுவந்து கொடு என்பதுதான். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில், கிராம சபையில், எத்தனை பேரைச் சோதித்தாய், யார் விடுபட்டார்கள், எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதோடு சேர்த்துச் சொல். சாதிவாரியாகவும் பிரித்துச் சொல். "பிரிச்சா 'சேரி நோய்'ன்னு முத்திரை குத்துவானே" என்று நம்மவர்களே பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. பிரிக்காமலே அவன் குத்திவிட்டானே, அதற்கு என்ன செய்வது? பிரித்திருந்தால் யார் ரத்தம் எடுக்கப்படவே இல்லை என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்திருக்கும்.

சேலம், நாமக்கல் மையங்களின் எல்லாச் சுற்று எண்களையும் கேட்டு 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும். இங்கிலீஷ் அட்டவணை படிக்கத் தெரிந்த மாணவர்கள் எழுதுங்கள். மனுவில் மையம், வருஷம், சோதித்தவர் எண்ணிக்கை, தொற்று உள்ளவர் எண்ணிக்கை என்று கேட்டால் போதும். யார் பெயரையும் கேட்காதீர்கள்.