வேலையே பயிற்சியா?

"தீயணைப்பு வீரருக்குத் தனி உடற்பயிற்சி எதற்கு? வேலையே பயிற்சி. தேர்வில் தேறித்தானே சேர்ந்தார்? பிறகு தொப்பை போட்டால் அது அவர் சோம்பல்." அமெரிக்காவில் இந்த வாதம் இன்னும் ஓடுகிறது. மூன்று காரணங்களால் அது தவறு.

ஒன்று: பணி நேரத்தில் நெருப்போடு போராடுவது 1 முதல் 5 சதவீதம்தான். பணியில் நேரும் இதயநோய் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சொற்ப நேரத்தில் நிகழ்ந்ததாக 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதுவா பயிற்சி? பழக்கமில்லாத உடலுக்குத் திடீரென்று விழும் அடி.

இரண்டு: சேரும்போது வைக்கும் உடற்திறன் தேர்வு. 50 பவுண்டு எடையுள்ள மேலங்கியோடு எட்டுக் கட்டங்களை 10 நிமிடம் 20 வினாடிக்குள் முடிக்க வேண்டும். கடினம்தான். 22 வயதில் தேறியது 45 வயதிலும் செல்லுமா? ஓட்டுநர் உரிமத்தையே புதுப்பிக்கச் சொல்கிறோமே!

மூன்று: சோம்பலாம். 24 மணி நேரப் பணி, நள்ளிரவில் அலறும் மணி, கிடைத்ததைத் தின்னும் பசி. இதற்கு நடுவே ஊக்க உரை கேட்டா உடற்பயிற்சிப் பழக்கம் வரும்? பணி நேரத்திலேயே பயிற்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். அதிகாரியும் கூடவே ஓடட்டும். ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். முடிவை வைத்துத் தண்டிக்காதீர்கள். தண்டித்தால் நெஞ்சுவலியை மறைப்பார்கள். தண்டனையில்லாத இத்தகைய திட்டத்தை அங்குள்ள தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கமும் தீயணைப்புத் தலைவர்கள் சங்கமும் 1997இலேயே சேர்ந்து முன்வைத்துவிட்டன.