ஆங்கில இலக்கியம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆகாதா?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், எங்கள் தோட்டத்திற் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் காரியாலயத்துக்கு வந்து என் மேசையருகே தயங்கி நின்றார். அவருடைய மகள் பல்கலைக் கழகப் படிப்புக்கு விண்ணப்பம் செய்திருக்கிறாள். அவள் முதலாவதாகக் கேட்டிருப்பது ஆங்கில இலக்கியமும் மொழியியலும். "ஐயா, கணினியில் அதை மாற்றிக் கணக்கியல் என்று போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்றார். காரணம் வினவினேன். கோயில் திருவிழாக் கூட்டத்திற் பட்டணத்துப் பெரியவர் ஒருவர் செய்த பிரசங்கந்தான் காரணம்.

அந்தப் பிரசங்கத்தை நானும் கேட்டேன். ஆங்கில இலக்கியம் கற்பது அந்நியனுடைய எச்சிலை அமுதென உண்பதாம். மொழியியல் என்பது சோறு போடாத வீண் ஆராய்ச்சியாம். தமிழனாய்ப் பிறந்தவன், அதிலும் தோட்டத்திற் பிறந்தவன், இவ்விரண்டின் பக்கமும் தலைவைத்துப் படுக்கலாகாதாம். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. விண்ணப்பத்தை மாற்றித் தர நான் மறுத்துவிட்டேன். மறுத்த காரணத்தை அந்தத் தந்தையாருக்கும் அந்தப் பெரியவருக்கும் பொதுவாக ஈண்டு எழுதுகிறேன்.

பெரியவர் தம் பேச்சை எவ்வாறு தொடங்கினார்? தமிழ் வடமொழியினின்று பிறந்ததன்று, அது தனியொரு குடும்பத்தின் மூத்த மொழி என்று தொடங்கினார். மெத்தச் சரி. அவ்வுண்மைக்குரிய சான்று அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? சென்னையிற் கலெக்டராக இருந்த எல்லிஸ் என்பவர், 1816இல் வெளிவந்த காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்குறிப்பு எழுதப் புகுந்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வேரின, அவ்வேர் வடமொழியன்று என்று சொற்களை வரிசைப்படுத்திக் காட்டினார். நாற்பதாண்டு கழித்து, 1856இல், கிளாஸ்கோவிற் கற்றுத் தேறிய கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1961இல் பரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை அச்சேற்றினர். ஒலியை ஒலியோடும் விகுதியை விகுதியோடும் வைத்து நிறுத்துப் பார்த்த இந்த உழைப்புக்குப் பெயர்தான் மொழியியல். அதன் பழத்தை மேடையில் நின்று சுவைத்த அதே வாயால் மரத்தை வெட்டச் சொல்கிறார் பெரியவர்!

அந்தக் கலை நமக்குப் புதிதுமன்று. எழுத்துக்கள் தொண்டையிலும் நாவிலும் இதழிலும் எவ்வாறு பிறக்கின்றன என்று சொல்லத் தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்தார். கடல், பக்கம், தங்கம், மகன் என்னும் சொற்களில் எழுதும் ககரம் ஒன்றே; ஒலியோ வேறு வேறு. நான் படித்த ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் இதனைத் தமிழின் குறையெனப் பரிகசித்தார். வகுப்பு சிரித்தது, நான் தலை குனிந்தேன். ஒலி இடம் நோக்கி மாறுகிறது, மாறும் இடத்துக்கு விதியுண்டு, விதி இருப்பதால் வேறு எழுத்து வேண்டியதில்லை. இவ்வளவே விடை. முதலாண்டு மாணவி ஒருத்தி சில வாரங்களில் அறிந்துகொள்ளும் இச் சிறு செய்தியை நான் இருபத்தைந்து வயதுக்குப் பின் ஒரு நூலகத்தில் தற்செயலாகக் கண்டேன். அதற்குள் பத்தாண்டு வெட்கப்பட்டு முடித்திருந்தேன்.

இனி ஒரு சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூலி என்பது அச் சொல். தமிழில் அது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். வள்ளுவரும் முயற்சியின் பயனை அச் சொல்லாற் குறித்தார். ஆங்கிலத்திலோ அது ஊதியமன்று, ஆள். யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே அதற்கு இருவழி பேசப்படுகிறது: குஜராத்துக் கோலி என்னும் இனப்பெயர் ஒன்று, நம் தமிழ்க் கூலி மற்றொன்று. எவ்வழியில் வந்ததாயினும், நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அந்தப் பெயராலேயே எண்ணிக் கப்பலேற்றப்பட்டனர். மனிதனுக்கு அவன் வாங்கும் காசின் பெயரை இட்டு அழைத்தது ஆங்கில மொழிக்குள் நடந்த காரியம். அதற்குச் சாட்சியும் ஆங்கில நூல்களுக்குள்ளேதான் கிடக்கிறது. துரைமார் எழுதிய நாவல்களையும் யாத்திரைக் குறிப்புக்களையும் வரிவரியாகப் படித்து, இன்ன ஆண்டில் இன்னார் இன்ன பொருளில் வழங்கினார் என்று எடுத்துக் காட்டவல்லவர் யார்? அந்தச் சொல்லாற் சுடப்பட்ட வீட்டிற் பிறந்த ஒரு பெண் அதைச் செய்வதற்கும், லண்டனில் இருந்துகொண்டு மற்றொருவர் செய்வதற்கும் வேற்றுமை இல்லையா? அங்கே போகாதே என்று அவளைத் தடுப்பவர், நம்மைப் பற்றிய வழக்கில் நம்மையே சாட்சி சொல்ல விடாமல் தடுக்கிறார்.

ஆங்கில இலக்கியத்தை ஆளவந்தவன் நமக்குப் புகட்டியது அன்பினாலன்று என்பதை நானும் அறிவேன். 1835இல் மெக்காலே குறிப்பெழுதியது துபாஷிகளை உண்டாக்க. என்போன்ற கிராணிகள் அந்த வமிசத்தின் கடைக்குட்டிகள். ஆயினும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு தன் சொந்த மொழியின் இலக்கியத்தைத் தனிப் பட்டப் படிப்பாக ஏற்றது 1894இல். அதற்குப் பல ஆண்டு முன்னரே நம்மவர் இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பரீட்சைக்காக உருப்போட்டுக் கொண்டிருந்தனர்! இத்தனை தலைமுறை விலைகொடுத்த பின், பண்டம் அந்நியனுடையது என்று கடையில் விட்டுவரச் சொல்வது என்ன நியாயம்?

அப் படிப்புத் தமிழை மறக்கச் செய்யும் என்கின்றனர். ஏ. கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் கற்று, கல்லூரிகளில் அதையே போதித்து, பின் அமெரிக்காவில் மொழியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1962இல் சிக்காகோ பல்கலைக் கழக நூலகத்தின் கீழ்த்தளத்திற் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போனவர் கையில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. 1967இல் அதன் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். உலகெங்கும் எத்தனையோ பேர் சங்கப் பாடலைப் படித்தது அந்த நூலில்தான். அவர் கற்றதும் பெரியவர் விலக்கிய அதே இரண்டு பாடங்களே. நம் நாட்டிலோ, கெடா மாநிலத்துப் பீடோங்கிற் பிறந்த கே. எஸ். மணியம் மலாயாப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலம் போதித்தார். 1981இல் 'தி ரிட்டர்ன்' என்ற நாவலில் நம் தமிழ்க் குடும்பத்து வாழ்வை ஆங்கிலம் அறிந்த உலகின் முன் வைத்தார். 2020இல் மறைந்தார். அவர் பெயரைத் திருவிழா மேடையில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

பட்டம் பெற்றுத் திரும்பி, தாய் பேசும் லயத்துப் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பவர் சிலர் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை. அவர்கள் படித்தும் படிக்காதவர்கள். நியூயார்க்கில் லபாவ் என்னும் அறிஞர் 1960களில் ஹார்லெம் பகுதிக் கறுப்பினச் சிறுவர் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அது பிழைபட்ட ஆங்கிலமன்று, தனக்கென விதிகள் உடையது என்று நிறுவினார். பெரட்டும் மண்டோரும் கலந்து ஒலிக்கும் நம் பேச்சையும் அவ்வாறு கேட்கத் தெரிந்த காதுகள் வேண்டும். தோட்டங்கள் துண்டாகி, மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். லயத்தோடு அந்தப் பேச்சும் காலியாகிறது.

சோறு போடுமா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. ஆசிரியத் தொழில், மொழிபெயர்ப்பு, பத்திரிகை, நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் வேலை, இக்காலத்திற் கணினிக்குப் பேச்சைக் கற்பிக்கும் பணி என வழிகள் உண்டு. எவருக்கும் நான் சம்பளம் உறுதி சொல்லவில்லை. கணக்கியல் உறுதி சொல்கிறதா? எனக்கும் ஒருகாலத்தில் இதே உபதேசம் கிடைத்தது. கேட்டு நடந்தேன். அதன் பலன் இந்த மேசையும் சம்பளப் பட்டியலும்.

ஹார்டி என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1895இல் வெளியிட்ட கதையில் ஜூட் என்றொரு கல்தச்சன் வருகிறான். ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் தானாகக் கற்றவன். பல்கலைக் கழகத்தில் இடந்தேடிக் கடிதம் எழுதுகிறான். உன் தொழிலையே பார்த்துக்கொண்டிரு, அதுவே உனக்கு நலம் என்று ஒரு கல்லூரித் தலைவர் பதில் எழுதுகிறார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளைக்காரன் தன் இனத்துத் தொழிலாளிக்கு எழுதிய அந்தப் பதிலைத்தான், தோழர்களே, அன்று திருவிழா மேடையிலிருந்து நம் பெரியவர் தமிழில் வாசித்தார்.

விண்ணப்பம் முடிய இன்னும் பத்து நாட்கள் உள்ளன. பெண்ணின் தந்தையார் நேற்றும் வந்தார். இக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல், மகளை அழைத்து வருவதாகக் கூறிச் சென்றார். பெரியவரும் வரலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் அவள் வீட்டிலேதான் இருப்பாள். எதைக் கேட்டாலும் தமிழிலேயே விடை சொல்வாள்.