டயரின் காயத்துக்கு யார் பொறுப்பு?

2010 அக்டோபர் 25 அன்று புணேயிலிருந்து மும்பைக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு காரின் பின்பக்க டயர் வெடித்தது. கார் ஆழமான பள்ளத்தில் விழுந்தது. அலுவலக நண்பர்களோடு அதில் பயணம் செய்த ஒருவர் அங்கேயே உயிரிழந்தார். அவர் குடும்பத்துக்கு 1.25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 2016இல் உத்தரவிட்டது. காப்பீட்டு நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. டயர் வெடித்தது கடவுளின் செயல், அதற்கு மனிதர் எவரும் பொறுப்பாக முடியாது என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2023 பிப்ரவரியில் நீதிபதி எஸ்.ஜி. டிகே அதை நிராகரித்தார். அதிவேகம், காற்று குறைவாகவோ கூடுதலாகவோ இருப்பது, பழைய டயர், வெப்பம் என்று வெடிப்புக்குக் காரணங்கள் உண்டு. டயரின் நிலையைப் பார்த்த பிறகே ஓட்டுநர் வண்டியை எடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

வரவேற்க வேண்டிய தீர்ப்பு இது. ஆனால், அது சுட்டும் பொறுப்பு ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது. ஒரு டயர் வெடிப்பதற்குப் பல நாள்களுக்கு முன்பே அதன் பக்கச்சுவர் காயப்பட்டிருக்கக்கூடும். காயத்துக்கும் வெடிப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் அதைத் தடுத்திருக்கக்கூடியவர்கள் பலர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்ள நம் சட்டமும் நடைமுறையும் ஒரு வழியை வைத்திருக்கின்றன.

சுவர் எப்படி உடைகிறது?

டயரில் சாலையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உள்ளன. பக்கச்சுவரில் அவை கிடையாது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடும் பாலியெஸ்டர் போன்ற இழைகளும், அவற்றின் மேல் சில மில்லிமீட்டர் ரப்பரும்தான் அங்கே இருப்பவை. வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று வளைந்து நிமிர்வது அதன் வேலை. எனவே, அது மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். வேகமாகப் போகும் கார் குழியின் கூரான விளிம்பில் மோதும்போது, ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே அந்தச் சுவர் நசுங்குகிறது. வெளியே கீறலே இல்லாமல் உள்ளே இழைகள் அறுந்துபோகலாம். தையல் விட்ட சாக்கில் நெல் பிதுங்குவதுபோல், இழை அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. அதுதான் வீக்கம். அது இன்றைக்கு வெடிக்குமா, அடுத்த மாதம் வெடிக்குமா என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

காற்று குறைந்தால் ஆபத்து இரண்டு வழியில் கூடுகிறது. மோதும்போது சுவர் எளிதில் நசுங்குகிறது; மோதாதபோதும் அளவுக்கு மீறி வளைந்து, உள்ளுக்குள் சூடேறிப் பலம் இழக்கிறது. கோடையில் விரைவுச் சாலையில் ஆட்களையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு போகும் காரில் இவை அனைத்தும் ஒன்றுசேர்கின்றன.

போதாததற்குச் சுவரின் உயரமும் குறைந்துவருகிறது. 165/80 ஆர்14 என்ற அளவுள்ள டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 டயரில் அது 107 மில்லிமீட்டர்தான். அழகுக்காகவும் வளைவுகளில் வண்டி பிடிமானத்தோடு நிற்பதற்காகவும் ரிம்மைப் பெரிதாக்கும்போது, குழியின் அடியை வாங்கிக்கொள்ளும் இடம் ஓர் அங்குலம் சுருங்குகிறது. குழிகளோ சுருங்கவில்லை.

சாலையைத் தொடும் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். வளைந்து நிமிரும் பக்கச்சுவரில் எந்த ஒட்டும் நம்பிக்கையாக நிற்காது. அப்படியும் உள்ளே பட்டையை ஒட்டி, ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூபைத் திணித்து, ‘கொஞ்ச நாள் ஓட்டலாம்’ என்று அனுப்பிவைக்கும் வழக்கம் நாடெங்கும் இருக்கிறது. அறுந்த இழையை ட்யூப் இணைக்காது, காயத்தை மறைத்துவைக்கும்.

போசரியில் எல்லாம் இருக்கிறது

இந்தச் சிக்கலின் எல்லா முனைகளும் சந்திக்கும் இடம் என்று புணேவை அடுத்த போசரியைச் சொல்லலாம். பிம்ப்ரி–சிஞ்ச்வட் தொழில் வட்டாரத்தின் நடுவே, புணே–நாசிக் நெடுஞ்சாலையில் இருக்கிறது போசரி. அந்தச் சாலையில் வடக்கே போனால் சாக்கன். மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடஸ் பென்ஸ் கார் ஆலைகளும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் ஆலையும் அங்கே உள்ளன. பக்கத்தில் பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸ். போசரியிலேயே 1967இல் தொடங்கப்பட்ட மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் இயங்குகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதி, வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்க அங்கீகரித்திருக்கும் அமைப்புகளில் அதுவும் ஒன்று.

காரைச் செய்பவர், டயரைச் செய்பவர், சோதிப்பவர் என்று அனைவரும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறார்கள். புதிய டயர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்தை எட்டாமல் சந்தைக்கு வர முடியாது. ஆனால், கடையை விட்டு வெளியேறிய மறுநாள் அதே டயர் தொழிற்பேட்டைச் சாலையின் குழியில் இறங்கினால், அதற்குப் பிறகு அதைப் பார்க்க எந்த அமைப்பும் இல்லை. சென்னைக்கும் இது பொருந்தும். எம்.ஆர்.எஃப். பிறந்த திருவொற்றியூரிலும், அப்பல்லோ ஆலை இருக்கும் ஒரகடத்திலும் டயர் செய்வதில் நமக்குள்ள திறமை, டயரைக் காப்பதில் இல்லை.

ஆளுக்கொரு விலக்கு

முதலில் அரசு. டயர் நல்ல நிலையில் இருக்க வேண்டும், வெடிப்போ வெளியே தெரியும் இழையோ இருக்கக் கூடாது என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. அதை யார் பார்ப்பது? சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை கட்டாயமான தகுதிச் சோதனை கிடையாது. பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த காரை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இழை அறுந்து டயர் வீங்கியிருந்தால் அந்தக் கார் தேறாது.

அடுத்து காப்பீடு. வழக்கமான கார் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. வண்டியும் சேர்ந்து சேதமானால் புது டயர் விலையில் பாதி கிடைக்கும்; முழுமையாகப் பெறத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும். டயர் நிறுவனங்களின் பொதுவான உத்தரவாதமோ தயாரிப்புக் குறைக்குத்தான். குழியில் அடிபட்டால் இல்லை. சில ஆயிரம் ரூபாயைத் தர மறுக்கும் ஏற்பாட்டால், அந்த டயர் வெடித்து உயிர் போன பிறகு கோடிக்கணக்கில் தர வேண்டிவருகிறது. மனிதநேயத்தை விடுங்கள், வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது அறிவுடைமை ஆகாது.

மூன்றாவது, சாலை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலையைத் தரமாக அமைத்துப் பராமரிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், குழியால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் வழங்கச் சாலைக்குப் பொறுப்பான அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. நல்ல திருப்பம்தான். ஆனால், இன்று குழியில் விழுந்து வீங்கிய டயர், அடுத்த வாரம் எங்கோ விரைவுச் சாலையில் வெடித்தால் அந்தக் குழிக்கும் அந்தச் சாவுக்கும் முடிச்சுப் போட யாரால் முடியும்?

நான்காவது, மாற்றுச் சக்கரம். டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020 ஜூலையில் விதி தளர்த்தப்பட்டது. அந்தப் பெட்டி ஆணி ஏறிய டயருக்கு உதவும். கிழிந்த பக்கச்சுவருக்கு உதவாது. அழுத்தக் கருவியும் காற்று இறங்கினால்தான் எச்சரிக்கும். காற்று இறங்காத வீக்கத்தை அது அறியாது. நம் சாலைகளில் எந்தக் காயத்துக்கு மாற்றுச் சக்கரம் மிகவும் தேவையோ, அந்தக் காயத்தை இந்த விதி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கில் வராத டயர்கள்

2023 ஜூலை 1 அதிகாலையில் சம்ருத்தி விரைவுச் சாலையில் புல்டாணா அருகே பேருந்து தீப்பிடித்து 25 பேர் இறந்தனர். டயர் வெடித்ததாக ஓட்டுநர் சொன்னார். வெடித்த டயரின் ரப்பர் துண்டுகளோ தடங்களோ அங்கே இல்லை என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலக அறிக்கை அதை மறுத்தது. ஒவ்வொரு விபத்திலும் இப்படிச் சரிபார்த்தால், ‘டயர் வெடித்தது’ என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூட முடியாது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அங்கே நிகழ்ந்தது வேறு வகைப் பழுது. சாலையைத் தொடும் பகுதி பிரிந்துவந்தது. பழுதான டயர்களை எண்ணியதால்தான் உண்மை வெளிவந்தது. புகார்களை அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும், புதிய கார்களில் அழுத்தக் கருவி கட்டாயம் என்ற விதியும் அதன் விளைவுகள்.

அப்படி எண்ணுவதற்கான கருவி நமக்கும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தைக் காவல் துறை பயன்படுத்துகிறது. டயர் வெடித்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு விபத்திலும் அந்த டயரின் படம், கிழிந்த இடம், தயாரான வாரமும் ஆண்டும் அதில் ஏற வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தால் டயரையே பாதுகாத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். போசரி நிறுவனத்தை அதற்கான ஆய்வகமாக்கலாம்.

புகைச் சான்றுக்காகக் கார்கள் ஆண்டுதோறும் ஒரு மையத்துக்கு வந்துதான் போகின்றன. அங்கேயே நான்கு டயர்களையும் பார்த்து வீக்கம், வெட்டு, இழை தெரிவது ஆகியவற்றைக் குறித்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். குழியில் அடிபட்ட டயரை மாற்றும் செலவை அடிப்படைக் காப்பீட்டிலேயே சேர்க்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழிசெய்ய வேண்டும். ஸ்டெப்னி விதியை மறுஆய்வு செய்ய வேண்டும்.

கார் வைத்திருப்பவர் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். குழியில் பலமாக இறங்கியிருந்தால், அன்றே பக்கச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். லேசான குழிவு சில டயர்களில் இயல்பாகவே இருக்கும். புடைப்பு இருந்தால் அந்த டயரை அன்றே கழற்றுங்கள். அச்சுப் பக்கம் திரும்பியிருக்கும் உட்புறச் சுவர் நம் கண்ணில் படாது. வண்டியைத் தூக்கும்போதெல்லாம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல டயர்களைப் பின்னால் போடுங்கள். பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும். ஓடும்போது வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து மெல்ல வேகத்தைக் குறையுங்கள்.

ஓட்டுநர் தன் பங்கைச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை போட்டவரும் காப்பீடு விற்றவரும் விதி எழுதியவரும் தங்கள் பங்கைச் செய்ய, இன்னொருவர் உயிரிழந்து இன்னொரு தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.