மூடும் உரிமை யாருடையது?

2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததே காரணம். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி வீரர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. கண்டீரவா அரங்கில் தொண்டை வறளப் பாடிய 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' ஆதரவாளர்களைக் கலந்தாலோசிக்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

கோலார் தங்கவயலுக்கு இந்நிலை புதிதன்று. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தலைமுறைகளாக உழைத்து அவ்வூரை உருவாக்கிய தமிழ்க் குடும்பங்களிடம் அதன் முடிவைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. இன்று அவர்களின் பிள்ளைகள் பலர் வேலைக்காக மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர்.

முதலிட்டவருக்கே முடிவுரிமை என்பது வழக்கமான வாதம். ஆனால் முதலீடு நிலைப்பதில்லை. 1996-97இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற ஜேசிடி அணி 2011இல் கலைக்கப்பட்டது. மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்தது. ஆதரவாளர்களோ எஞ்சி நின்றனர்.

ஜெர்மனியின் '50+1' விதி, சில விலக்குகள் நீங்கலாக, கழக உறுப்பினர்களுக்கே பெரும்பான்மை வாக்கை அளிக்கிறது. அதை அப்படியே இங்கு நடுவது கடினம். எனினும் ஆட்சிக்குழுவில் ஆதரவாளர்க்கு ஓர் இடம், அணியைக் கலைக்கும்முன் கட்டாயக் கலந்தாய்வு ஆகிய இரண்டையும் உரிம நிபந்தனைகளாக்கலாம்.

'ரசிகர்' என்னும் சொல் சுவைப்பவரைக் குறிக்கிறது, பங்குடையவரை அன்று. மாற வேண்டியது அந்த உறவே.